உஷார்! கிளாஸ் குரூப்பில் கொட்டித் தீர்க்கும் முன்...

பிள்ளையின் டீச்சரோடு சண்டை போட இப்போதெல்லாம் பள்ளிக்கூடம் வரை போக வேண்டியதில்லை. கையில் இருக்கும் கிளாஸ் வாட்ஸ்ஆப் குரூப் போதும். பெற்றோரே, உஷார்!

ராத்திரி ஒன்பதரைக்கு ஓர் அம்மா தட்டுகிறார்: “மேத்ஸ் டெஸ்ட்ல என் பையனுக்கு அஞ்சு மார்க் குறைச்சிருக்காங்க. வேற யாருக்காவது இப்படி ஆயிருக்கா?” கேள்வி சாதாரணமானதுதான். பத்தே நிமிடத்தில் வரிசை கட்டுகிறது பதில்: “என் பொண்ணுக்கும்தான்.” “அந்த மிஸ் எப்பவுமே இப்படித்தான்.” “எல்லாரும் சேர்ந்து பிரின்சிபாலைப் பார்ப்போம்.” திருத்திய விடைத்தாளை அதுவரை ஒருவராவது முழுசாகப் பிரித்துப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். அந்த மிஸ் குரூப்பில் இல்லை என்றாலும், பொழுது விடிவதற்குள் ஸ்கிரீன்ஷாட் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பதறி அழித்தால், ‘செய்தி அழிக்கப்பட்டது’ என்று ஒரு வரி அங்கேயே உட்கார்ந்திருக்கும். போட்டதைவிட அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பும்.

மறுநாள் காலை அதே மிஸ் முன்னால் போய் உட்காரப்போவது உங்கள் பிள்ளைதான். பெரும்பாலான ஆசிரியர்கள் கோபத்தைப் பிள்ளையிடம் காட்டமாட்டார்கள். ஆனால் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். “ரெண்டு வாரமா யார்கூடவும் சேரமாட்டேங்கிறான்”, “போர்டைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குறான், டாக்டர்கிட்ட காட்டுங்க” போன்ற சமாச்சாரங்கள்தான் முதலில் நின்றுபோகும். அடுத்த பேரண்ட்ஸ் மீட்டிங்கில் “நல்லாத்தான் பண்றான் சார்” என்று எதிலும் மாட்டிக்கொள்ளாத ஒரு பதில் கிடைக்கும். நீங்களும் நிம்மதியாக வீடு திரும்புவீர்கள். எனக்கு இதில் பெரிய பயமே அந்த நிம்மதிதான்.

குறை இருக்கிறதா? முதலில் விடைத்தாளைப் பாருங்கள். பிறகு டைரியில் எழுதுங்கள்: “மூன்றாவது கணக்கில் மதிப்பெண் குறைந்திருக்கிறது. எங்கே தவறு என்று தெரிந்தால் வீட்டில் சொல்லித்தர வசதியாக இருக்கும். எப்போது வந்து பார்க்கலாம்?” குற்றச்சாட்டு இல்லாத கேள்விக்கு மழுப்பாமல் பதில் வரும். பெல் அடிக்கிற நேரத்தில் கேட்டில் வழிமறிக்காதீர்கள். பிள்ளை காதுபட “உங்க மிஸ்ஸுக்கு என்ன தெரியும்?” என்றும் சொல்லாதீர்கள், வாய்ப்பாடு மறந்தாலும் இதை மட்டும் வரி பிசகாமல் வகுப்பில் ஒப்பித்துவிடுவார்கள்.

ஆசிரியரைச் சந்தித்துப் பேசுவது தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டிய சலுகையும் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பெற்றோரை ஆசிரியர் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிச் சொல்ல வேண்டும் என்கிறது. அவரிடம் தீராவிட்டால் ஹெச்.எம். இருக்கிறார். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான்.

இந்தப் பொறுமையெல்லாம் மார்க்குக்கும் ஹோம்வொர்க்குக்கும்தான். அடி, மனம் நோக அவமானப்படுத்துவது என்றால் கதை வேறு. அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு இரண்டையும் தடை செய்கிறது. டைரியோடு நிற்காதீர்கள், பள்ளித் தலைமையிடம் எழுத்தில் கொடுத்துக் கையெழுத்துப் போட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கல்வி உதவி எண் 14417. குழந்தைகளுக்கான அவசர உதவி எண் 1098.

பாலியல் தொந்தரவு என்று பிள்ளை வாய் திறந்தால், டீச்சரிடமோ நிர்வாகத்திடமோ ‘விசாரித்துப் பார்க்கலாம்’ என்று போகவே வேண்டாம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி நேரே காவல்துறைக்கோ 1098-க்கோ சொல்லுங்கள். பிள்ளையை உட்காரவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், வீடியோ எடுக்காதீர்கள். நியாயம் கேட்கிறேன் என்று அந்தப் பிள்ளையின் பெயரையோ போட்டோவையோ குரூப்பில் போட்டுவிடாதீர்கள்: பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். புகார் கொடுக்கப் போன நீங்களே வழக்கில் சிக்குவீர்கள்.