சின்ன குசினியில் சிரமமில்லாமல் சமைப்பது எப்படி? தோட்ட வீட்டுப் பழக்கத்தில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்?

அலமாரிக் கதவைத் திறந்ததும் மூடி இல்லாத டப்பா ஒன்று தலையில் விழுகிறது. ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் உள்ளே நெத்திலி. மைலோ டின்னில் கடுகு. தேடிய மஞ்சள் தூள் மட்டும் கிடைக்கவில்லை. கடையில் போய் இன்னொரு பாக்கெட் வாங்கி வந்த பிறகு பழையது கண்ணில் படுகிறது.

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், செகிஞ்சான் என்று வட சிலாங்கூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தக் கதை புதிதல்ல. "இடம் பத்தல, அதான் இப்படிக் கெடக்கு" என்பதுதான் பொதுவான பதில். இடம் மட்டும்தான் காரணமா?

தோட்டத்தில் குசினி எப்படி இருந்தது?

மலேசியாவில் வணிக ரீதியான முதல் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் பிரெஞ்சுக்காரரான ஹென்ரி ஃபோகோனியே. ரப்பரும் செம்பனையும் வளர்ந்த இந்த வட்டாரத்தில் பல தலைமுறைத் தமிழர்களின் வீடு என்றால் அது லயம்தான்.

லயத்து வீட்டில் சமையல் பெரும்பாலும் பின்பக்கத்தில் நடந்தது. விறகடுப்பு, அம்மி, ஆட்டுக்கல், தண்ணீர் வாளி. விறகு வெளியே, பாத்திரம் கழுவுவது வெளியே, மிளகாய் காய வைப்பது வாசலில். குசினி சின்னதாக இருந்தாலும் வேலையின் பாதி வீட்டுக்கு வெளியே நடந்ததால் நெரிசல் தெரியவில்லை.

தோட்டத்தை விட்டு மலிவு விலை வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தபோது அந்தப் பின்பக்கம் காணாமல் போனது. பி.பி.ஆர் எனப்படும் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீடு சுமார் 700 சதுர அடி. அதற்குள்ளேயே மூன்று படுக்கையறை. மிச்சமிருக்கும் இடத்தில் அடுப்பு, கேஸ் தோம்பு, குளிர்சாதனப் பெட்டி, ரைஸ் குக்கர், மிக்சி, கிரைண்டர் எல்லாம் உட்கார வேண்டும். கூடவே தீபாவளிக்கு மட்டும் இறங்கும் பெரிய சட்டிகளும்.

நெரிசல் வெறும் பார்வைக்குரிய பிரச்சினையா?

இல்லை. முதல் ஆபத்து நெருப்பு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படியும். தோம்பைச் சுற்றி அரிசி மூட்டை, பழைய நாளிதழ், பிளாஸ்டிக் பை என்று அடைத்து வைத்தால் காற்றோட்டம் குறையும். குழாய் வெடித்திருப்பதோ எலி கடித்திருப்பதோ கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது, விழுவது. கனமான சட்டியை உச்சி அலமாரியில் வைத்துவிட்டு, நாற்காலி போட்டு ஏறி எடுப்பது வயதான பாட்டிதான்.

மூன்றாவது, பண விரயம். கண்ணில் படாத பொருள் இரண்டு முறை வாங்கப்படுகிறது, அல்லது கெட்டுப்போய் குப்பைக்குப் போகிறது.

ரயிலில் கிடைத்த பாடம்

சின்ன சமையலறை நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் சுமார் 1.9 மீட்டர், நீளம் சுமார் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியில் அவ்வளவு சின்ன இடத்தில் அத்தனை பேருக்குச் சமைக்க முடிகிறதே என்பது அவருக்கு ஒரு முன்மாதிரி. சுமார் 10,000 வீடுகளில் அந்தச் சமையலறை பொருத்தப்பட்டது.

பின்னர் 1940களில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் 'வேலை முக்கோணம்' என்ற கருத்து உருவானது. அடுப்பு, கழுவும் தொட்டி, குளிர்சாதனப் பெட்டி ஆகிய மூன்றுக்கும் இடையே நடக்கும் மொத்தத் தூரம் சுமார் 4 முதல் 8 மீட்டருக்குள் இருந்தால் நல்லது என்பதே அதன் சாரம்.

நம் குசினி பெரும்பாலும் ஒரே சுவரை ஒட்டியது, அங்கே முக்கோணம் அமையாது. ஆனால் வரிசையைச் சரி செய்யலாம்: குளிர்சாதனப் பெட்டி, அடுத்து கழுவும் தொட்டி, அடுத்து நறுக்கும் இடம், கடைசியில் அடுப்பு. எடுப்பது, கழுவுவது, நறுக்குவது, சமைப்பது என்று வேலை ஒரே திசையில் நகரும். இதில் முக்கியமானது நறுக்கும் இடம். அந்த மேடையில் இரண்டு அடியாவது எப்போதும் காலியாக இருக்கட்டும். மிக்சி உறையும் பிஸ்கட் டின்னும் அங்கே குடியேறினால், வெங்காயத்தை மடியில் வைத்துத்தான் நறுக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

முழு குசினியையும் ஒரே நாளில் கலைத்துப் போடாதீர்கள். பாதியில் சோர்ந்துபோய் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஒரு நாளைக்கு ஓர் அலமாரித் தட்டு போதும்.

தினமும் தொடும் பொருள்கள் (தோசைக்கல், கரண்டி, உப்பு, அஞ்சறைப் பெட்டி) இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை எடுப்பவை அதற்குக் கீழே. எப்போதாவது எடுப்பவற்றில் கனமானவை தரையோடு, லேசானவை உச்சியில். பெரிய சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, இட்லித் தட்டு, முறுக்கு அச்சு போன்றவற்றை அதற்குள்ளேயே வைத்துவிட்டால் பாதி இடம் மிச்சம்.

வேண்டுமா வேண்டாமா என்று தெரியாத பொருளை ஒரு பெட்டியில் போட்டு, மேலே தேதி எழுதுங்கள். மூன்று மாதம் யாரும் அதைத் தேடவில்லை என்றால், அது இல்லாமலே உங்கள் சமையல் நடக்கிறது என்று அர்த்தம். பண்டிகைச் சாமான்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மூடி இல்லாத டப்பாவுக்கும் டப்பா இல்லாத மூடிக்கும் அவகாசம் தேவையில்லை.

கேஸ் தோம்பை எப்படி வைப்பது?

தோம்பு நிமிர்ந்து நிற்க வேண்டும். காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்பின் வெப்பம் படாமல், கை எட்டி உடனே மூடக்கூடிய மாதிரி இருக்க வேண்டும். குழாயில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கசிவு சந்தேகம் வந்தால் சோப்பு நுரையைத் தடவினால் போதும், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது.

வாடை அடித்தால் விளக்கு சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தோம்பை மூடி, கதவு சன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியே போய் 999க்கு அழையுங்கள். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, சட்டியை மூடியால் மூடுங்கள்.

அரிசி, மசாலா, மீன்

செகிஞ்சான் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளையும் ஊர். இருந்தாலும் மூட்டை மூட்டையாக வாங்கி வைக்கும் காலம் போய்விட்டது. நம் ஈரப்பதத்தில் வண்டு சீக்கிரம் பரவும். மூடி இறுகும் பாத்திரத்தில் வையுங்கள். பழைய அரிசி முடிவதற்குள் புதிதை மேலே கொட்டாதீர்கள். அடியில் இருக்கும் வண்டுக்கு அது விருந்து.

மசாலாத் தூளை அடுப்புக்கு மேல் அலமாரியில் வைப்பது வசதிதான், ஆனால் சூடும் ஆவியும் வாசனையைக் கெடுக்கும். பாட்டிலைக் கொதிக்கும் குழம்புக்கு மேலே நேராகத் தட்டினாலும் ஆவி ஏறிக் கட்டி பிடிக்கும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், இரண்டும் சீக்கிரம் கெடும்.

மீனைச் சுத்தம் செய்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்துத் தேதி எழுதி உறைய வையுங்கள். உறையாத பச்சை மீனும் இறைச்சியும் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் இருக்கட்டும், நீர் சொட்டினாலும் சமைத்த உணவில் படாது. சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சோற்றுக்கும் இது பொருந்தும். பெட்டியை அடைத்து நிரப்பினால் குளிர்காற்று சுற்றாது.

தண்ணீர் வாளிகளை என்ன செய்வது?

தண்ணீர்த் தடைக்குப் பழகிய சிலாங்கூர்வாசிகள் குசினியில் ஒரு வாளியாவது நிரப்பி வைப்பார்கள். தேவைதான். ஆனால் நாட்டில் டிங்கிக் காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாநிலமும் சிலாங்கூர்தான். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் போதும். வாளியை இறுக மூடுங்கள், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் நீர் சேரும் தட்டையும் மறக்காதீர்கள்.

அம்மாவின் பொருளைத் தூக்கிப் போடலாமா?

பெரும்பாலான வீடுகளில் சண்டை வருவது இங்கேதான். மகளோ மருமகளோ சுத்தம் செய்ய இறங்கினால், "இருக்கட்டும்மா, ஒருநாள் உதவும்" என்று ஒரு குரல் வரும். சம்பள நாள்வரை சாமான் தாங்குமா என்று எண்ணி வாழ்ந்தவர்களுக்கு ஒரு காலி டின்கூட சொத்துதான். அதைக் கேலி செய்து பயனில்லை.

கேட்காமல் எதையும் எறியாதீர்கள். "இதுல எதை நீங்க தினம் எடுக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, அதை அவர் கைக்கு எட்டும் இடத்தில் முதலில் வையுங்கள். குனியாமல், ஏறாமல் வேலை நடப்பதை நாலு நாள் பார்த்தால், மிச்ச டப்பாக்களை அவரே எடுத்துக் கொடுத்தாலும் கொடுப்பார். அம்மிக்கல்லை மட்டும் கேட்காமல் இருப்பது நல்லது.