தண்டனையில் நிறபேதம்

நிறத்தின் பெயரால் பள்ளிகளைப் பிரிப்பது அரசியல் சாசனத்திற்கு முரண் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. கதவு திறந்தது, உள்ளே பேதம் எஞ்சியது.

2013-14 கல்வியாண்டின் அரசுக் கணக்கின்படி, கறுப்பின, லத்தீனோ மாணவர் அதிகமுள்ள உயர்நிலைப் பள்ளிகளில் 33 விழுக்காடே நுண்கணிதம் கற்பித்தன. அவர்கள் குறைந்த பள்ளிகளிலோ 56. வெள்ளையரினும் 3.8 மடங்கு இடைநீக்கத்திற்குக் கறுப்பின மாணவர் ஆளாயினர். ஆயுதம், புகைபிடித்தல் போன்ற கண்கூடான குற்றங்களில் அன்று. ‘அவமரியாதை’ என ஆசிரியரின் மதிப்பீட்டில் தொங்கும் குற்றச்சாட்டுகளிலேயே இவ்வேற்றுமை மிகுதி. ஒருவன் செய்தால் குறும்பு, மற்றவன் செய்தால் கலகம்!

நம் வாசகர் நினைவிலிருக்கும்: 2015இல் டெக்சாஸின் இர்விங்கில், சூடானிய வமிசாவளி முஸ்லிம் மாணவன் ஒருவன், வயது 14, தான் செய்த கடிகாரத்தைப் பள்ளிக்குக் கொண்டுசென்றான். போலி வெடிகுண்டென ஐயுற்றுக் கைவிலங்கிட்டனர். வழக்கில்லை, மூன்று நாள் இடைநீக்கம் மட்டும் உண்டு.

தண்டனையில் பாரபட்சம் தவிர்க்க 2014இல் மத்திய அரசு வழங்கிய வழிகாட்டுதல், 2018 டிசம்பரில் திரும்பப்பெறப்பட்டது.