செபமும் வேணும், மருந்தும் வேணும்



துன்பத்தில் விழுந்த கிறிஸ்தவக் குடும்பத்தைச் செபம் குணப்படுத்துமா என்று பலர் கேட்கிறாங்க. யாழ்ப்பாணத்துச் சனங்கள் பட்டதைப் பார்த்தால் பதில் விளங்கும்.

1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த சனங்கள் மேல் விமானக் குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருஷம் ஒக்டோபரில் ஊரே இடம்பெயர்ந்தது. பிள்ளையை இழந்த வீட்டில் தாய் ஒரு மூலை, தகப்பன் ஒரு மூலை என்று பேச்சே நின்றுபோகும்.

போர் தனி ஆளை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் காயப்படுத்தும் என்று யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் எழுதினார். மருந்து, ஆலோசனையோடு அவரவர் சமய வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். கிறிஸ்தவருக்குச் செபம், சைவருக்கு மந்திரம், இஸ்லாமியருக்கு திக்ர்.

இது எப்படி வேலை செய்யுது? ஒரே வார்த்தையை நிதானமாகத் திருப்பிச் சொன்னால் மூச்சு அடங்கும். 2001இல் வெளியான ஓர் ஆய்வுக்காக இத்தாலியில் 23 பேரைச் சோதித்தபோது, செபமாலை சொல்லும் நேரம் மூச்சு நிமிஷத்துக்கு ஆறு தடவை அளவுக்கு இறங்கியது. இன்னொன்று, வீட்டாரிடம் சொல்ல முடியாத துக்கத்தைக் கடவுளிடம் சொல்லும்போது பக்கத்தில் முழங்காலில் நிற்கிறவர் காதிலும் அது விழும். பேச்சு அங்கேதான் திரும்பத் தொடங்குது.

ஆனால் செபம் செய்கிறோமே என்று மாத்திரையை நிறுத்தாதீங்க. தூக்கமில்லை, குடி கூடுது, சாகலாம் போலிருக்கு என்றால் உடனே வைத்தியரிடம் போங்க. மனநல உதவிக்கு 1926க்கும் பேசலாம். ராத்திரி பத்து நிமிஷமாவது எல்லாரும் சேர்ந்து உட்காருங்க.