ஒரே அணை, முப்பது மடை



போன பருவத்தில் பிராஜெக்ட் ரிவ்யூவுக்கு இரண்டு நாள் முன்னால், லேபில் ஏழாம் நம்பர் கணிப்பொறி வைரஸ் வந்து படுத்துவிட்டது. லேப் அண்ணன் ஃபார்மட் போட்டுவிட்டார். எங்கள் ஆறு வார உழைப்பும் அதோடு போச்சு. "சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பேனே தம்பி" என்றார். அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. முப்பது மெஷினுக்கு அவர் ஒருவர்தான். ஒன்றில் பழைய பைத்தான், அடுத்ததில் புதுசு, மூலையில் இருப்பதில் கம்பைலரே கிடையாது. "என் மெஷின்ல ஓடுச்சு சார்" என்று நாம் சொல்லாத ரிவ்யூ உண்டா?

இதற்கு மருந்துதான் தின் கிளையண்ட். கூடலூர்க்காரனாகச் சொல்கிறேன். தோட்டத்துக்குத் தோட்டம் போர் போட்டால் மோட்டார் ரிப்பேரும் தோட்டத்துக்குத் தோட்டம்தான். பெரியாற்றுத் தண்ணீர் லோயர்கேம்ப்பில் இறங்கி ஊரெல்லாம் பாயும்போது, நமக்கு மடையைத் திறக்கிற வேலைதான். சர்வர்தான் அணை, மேசையில் இருப்பது மடை.

அந்த மேசைப் பெட்டிக்கு ஹார்ட் டிஸ்க் வேண்டாம். சுவிட்சைப் போட்டதும் அதன் நெட்வொர்க் கார்டு, டிஎச்சிபி மூலம் தனக்கொரு முகவரியும், எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்ற தகவலும் கேட்டு வாங்கும். அடுத்து டிஎஃப்டிபி வழியாக லினக்ஸ் கெர்னல் வந்து இறங்கும். லாகின் செய்தால் நம் விசைத்தட்டும் மவுசும் சர்வரோடு பேசும். திரைப்படம் மட்டும் திரும்பி வரும். (சினிமா இல்லை, ஸ்கிரீன்!) கம்பைலரை ஒரே இடத்தில் மாற்றினால் முப்பது பேருக்கும் மாறிவிடும். பேக்கப்பும் ஒரே இடத்தில்.

இது புதுசும் இல்லை. 1978-ல் டிஇசி கம்பெனி வெளியிட்ட விடி100 டெர்மினலும் இந்த ஜாதிதான். 1999-ல் ஜிம் மெக்விலன் லினக்ஸுக்காக எல்டிஎஸ்பியைத் தொடங்கினார். அதே ஆண்டு வந்த சன் ரேயில், கார்டை எந்த மேசையில் செருகினாலும் விட்ட இடத்தில் நம் திரை வந்து நிற்கும். நம் சென்னையிலேயே நோவேட்டியம் நிறுவனம் நெட்பிசி என்று ஒன்று செய்தது. ஐஐடி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா அதன் நிறுவனர்களில் ஒருவர்.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். அணை வற்றினால் முப்பது வயலும் காயும். சர்வருக்கு யுபிஎஸ்ஸும், ஒன்றின் நகலாக இன்னொரு டிஸ்க்கும் கட்டாயம். நம்மாள் ஒருத்தன் முடிவில்லா லூப்பில் மெமரியை விழுங்கினால் எல்லார் திரையும் உறையும். அதனால் ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளவு கட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு எமுலேட்டர் மாதிரி கனத்த சாமான்களுக்குத் தனி மெஷின்தான் சரி.

நானும் லேப் அண்ணனும் நாலு பழைய மெஷின்களில் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு இதைச் செய்து பார்த்தோம். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயரைப் பிடுங்கினேன். அண்ணன் பதறிப்போய், "அய்யோ, தம்பி!" என்றார். அடுத்த மேசைக்குப் போய் லாகின் செய்தேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஏழாம் நம்பரின் டிஸ்க் இப்போது அண்ணனின் அலமாரியில் இருக்கிறது.