தன் இருதயத்துக்குள் குழாய் விட்ட டாக்டர்!

டாக்டர் பட்டம் வாங்கியதும் படிப்பு முடிந்துவிடாது. ஆஸ்பத்திரியில், பெரிய டாக்டரிடம் பயிற்சி பெறவேண்டும். அதில் முதல் ஆண்டு மிகவும் கஷ்டமானது. இரவு பகல் பாராமல் உழைக்கவேண்டும். பெரியவர் சொல்லைத் தட்டக்கூடாது.

அந்த முதல் ஆண்டிலேயே, உலகம் வியக்கும் ஆராய்ச்சி ஒன்றைச் செய்தார் ஓர் இளைஞர். அவர் பெயர் வெர்னர் போர்ஸ்மான். ஜெர்மனி நாட்டுக்காரர்.

குதிரைப் படம்

1929-ம் ஆண்டு. பெர்லின் நகருக்கு அருகே உள்ள எபர்ஸ்வால்டே ஊர் ஆஸ்பத்திரியில் அவர் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் இருதயத்துக்குள் மருந்து செலுத்த, நெஞ்சில் ஊசியைக் குத்துவார்கள். அது ஆபத்தானது.

குதிரையின் கழுத்து ரத்தக் குழாய் வழியாக, இருதயம் வரை குழாய் விடும் படம் ஒன்றை போர்ஸ்மான் பார்த்திருந்தார். மனிதனுக்கும் கை வழியாக இப்படிச் செய்யலாமே என்று எண்ணினார்.

பெரிய டாக்டரிடம் அனுமதி கேட்டார். அவர் மறுத்துவிட்டார்.

கட்டுண்ட நர்சு

கருவிகள் ஒரு நர்சின் பொறுப்பில் இருந்தன. சோதனையைத் தன் உடம்பிலேயே செய்யும்படி அந்தப் பெண் துணிந்து முன்வந்தார்.

போர்ஸ்மான் அவரை மேஜையில் படுக்க வைத்துக் கட்டினார். பிறகு, தன் இடது கையைக் கீறிக்கொண்டார்! மெல்லிய ரப்பர் குழாயை ரத்தக் குழாய்க்குள் தள்ளினார்.

நர்சின் கட்டை அவிழ்த்ததும், இருவரும் எக்ஸ்ரே அறைக்கு நடந்தார்கள். குழாய் 65 சென்டிமீட்டர் உள்ளே போயிற்று. அதன் நுனி இருதயத்துக்குள் இருப்பது எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை!

27 ஆண்டுகளுக்குப் பிறகு

அந்த ஆண்டே ஆராய்ச்சியை வெளியிட்டார். ஆனால் ஆதரவு கிடைக்கவில்லை. பிற்பாடு சிறுநீர் நோய்களுக்கு வைத்தியம் பார்க்கப் போய்விட்டார்.

அமெரிக்காவில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்ற 2 டாக்டர்கள் அவருடைய முறையை வளர்த்தார்கள். 1956-ம் ஆண்டு மூவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது!

இப்போது எப்படி?

நம் நாட்டில் எம்.டி., எம்.எஸ். படிக்கும் டாக்டர்கள் ஓர் ஆராய்ச்சி செய்து, அதை எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்கான பொருளை முதல் ஆண்டிலேயே தேடத் தொடங்கவேண்டும். ஆனால் ரகசியமாக எதையும் செய்ய முடியாது. அதற்கென உள்ள குழு அனுமதிக்கவேண்டும். நோயாளியிடம் விவரம் சொல்லிச் சம்மதம் பெறவேண்டும்.

இன்று இருதயத்துக்குக் குழாய் விட்டுச் சோதிப்பது சர்வசாதாரணம். நோயாளி பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார். அதற்கு வழி திறந்தவர், பயிற்சிக்கு வந்த ஒரு புது டாக்டர்!