அரை மணி நேரத்தில் அரிட்டாபட்டி: மறுபடி பார்க்க வேண்டிய மலை

பழங்காநத்தத்தில் இருக்கிற எங்களுக்கு லீவு என்றாலே கொடைக்கானல்தான். தமிழ்நாட்டில் 5 தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன, மதுரை மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லையே என்று அலுத்துக்கொள்வதும் உண்டு. அதிகாலையில் வண்டியை எடுத்தால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய அரிட்டாபட்டியை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்றால், பாறை, கோயில், குளம், ரெண்டு போட்டோ, திரும்பி வந்தாச்சு, அவ்வளவுதான்.

போன மாசியில்தான் அங்கே தலையைத் தூக்கிப் பார்த்தேன். செங்குத்துப் பாறையில் வெள்ளையாக எச்சக் கோடுகள். அதற்கு மேலே ஒரு விளிம்பில் வல்லூறு ஒன்று உட்கார்ந்திருந்தது. தை, மாசியில் அவை பாறை இடுக்குகளில் குஞ்சு பொரிக்கும். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகளும் இந்தக் குன்றுகளில் வாழ்கின்றன. பதிவான பறவை வகைகள் சுமார் 250. தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்பு எல்லாம் தனி.

மொட்டைப் பாறையில் இவ்வளவு உயிர் எப்படி என்று கேட்பீர்கள். பாறை மழையைக் குடிப்பதில்லை, வழித்து விடுகிறது. அந்தத் தண்ணீர் சுனைகளிலும் கண்மாய்களிலும் தங்குகிறது. 7 குன்றுகளைச் சுற்றி 72 ஏரிகளும் 200 இயற்கைச் சுனைகளும் இருப்பதாக அரசின் அறிவிப்பு சொல்கிறது. மலையை உடைத்தால் கண்மாய்க்கு வரத்து போச்சு.

மனிதர்களின் தடமும் பழசு. தமிழி எழுத்துக் கல்வெட்டு, சமணர் படுக்கை, குடைவரைச் சிவன் கோயிலில் அபூர்வமான லகுலீசர் சிற்பம். இங்குள்ள தீர்த்தங்கரர் உருவத்தைச் செய்வித்த அச்சணந்தியின் பெயர் நமக்குப் பக்கத்திலேயே, கீழக்குயில்குடி சமணர் மலையிலும் வெட்டப்பட்டிருக்கிறது. நம் வீட்டுக்குப் பக்கத்து மலையிலும் அவர் பெயர்!

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இது தேசியப் பூங்கா அல்ல. பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2002, பிரிவு 37-ன்படி, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து மாநில அரசு அறிவிக்கும் இடம். ஊர்க்காரர்களை வெளியேற்றும் ஏற்பாடும் இல்லை. உள்ளாட்சியில் அமையும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், அது தயாரிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இந்தச் சட்டத்தின் முக்கியமான கருவிகள். எந்த ஊரில் எந்த மரம், எந்த விலங்கு, அதைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் ஏறும். உங்கள் ஊர்ப் பதிவேடு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்களா? கேட்கலாம்.

அறிவிப்பு மட்டும் காவல் காக்காது என்பதை 2024 நவம்பர் காட்டியது. டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்ட பகுதிக்குள் இந்தத் தலமும் வந்தது. கிராமங்கள் கொதித்தன. டிசம்பர் 9-ல் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது; ஜனவரியில் மேலூர் வட்டார மக்கள் பேரணியாக மதுரைக்கு வந்தார்கள். 2025 ஜனவரி 23-ல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

நீங்கள் போகும்போது கையில் இருக்கும் போனைப் பற்றி ஒரு வார்த்தை. கூடு, தேவாங்கு, அழுங்கு கண்ணில் பட்டால் படத்தில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். இடத்தின் பெயரோடு சுடச்சுட ஸ்டேட்டஸ் போட வேண்டாம். தேவாங்கும் அழுங்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கடத்துகிறவனும் அதே போனில்தான் தேடுகிறான். பறவைக் குரலை ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம், குஞ்சை விட்டுத் தாய் பறந்துவிடும். கல்வெட்டில் சாக்பீஸ் தடவிப் படம் எடுக்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால், தடவாமலே எழுத்து தெரியும். வல்லூறும் அந்த நேரத்தில்தான் கிளம்புகிறது.