கார் கதவு மட்டம் தப்புகிறதா? கொக்கியை நகர்த்தும் முன் காரணத்தைப் பாருங்கள்

குனோங் ராபாட் –

பழைய சாகா, இஸ்வாரா, வீரா, கன்சில் வைத்திருப்பவர்களில் பலர் கதவைச் சற்றுத் தூக்கித்தான் சாத்துகிறார்கள். இல்லாவிட்டால் ஒட்டாது. "பழைய கார்தானே" என்று அதற்குப் பழகியும் விடுகிறோம். ஆனால், இறங்கிய கதவுக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம்: கதவின் கீல் தேய்ந்திருக்கும், அல்லது காரின் உடலே வலுவிழந்திருக்கும். முதலாவது சிறிய செலவோடு முடியும். இரண்டாவது உயிர் சம்பந்தப்பட்டது.

புரோட்டோன் சாகா 1985 ஜூலை மாதம் அறிமுகமானது. வீரா 1993-லும், பெரோடுவா கன்சில் 1994-லும் வந்தன. கன்சில் தயாரிப்பு 2009-இல் நின்றது. அதாவது, இன்று சாலையில் ஓடும் ஆகப் புதிய கன்சிலுக்கே பதினைந்து வயதுக்கு மேலாகிறது. வேலைக்கும் பள்ளிக்கும் இவற்றையே நம்பியிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு.

கார் உடல் எப்படி நிற்கிறது?

லோரிக்கு அடியில் ஏணி போன்ற கனத்த இரும்புச் சட்டம் இருக்கும். இந்தக் கார்களுக்கு அது கிடையாது. தரை, தூண்கள், கூரை ஆகிய எல்லாத் தகடுகளும் வெல்டிங் மூலம் ஒரே பெட்டியாகச் சேர்ந்து பாரத்தைத் தாங்குகின்றன. சப்பாத்துப் பெட்டியை மூடியோடு முறுக்கிப் பாருங்கள், எளிதில் வளையாது. மூடியை எடுத்துவிட்டால் உடனே முறுகும்.

கதவு வாசலும் அப்படித்தான். அது பெட்டியில் வெட்டிய பெரிய துளை. அதைச் சுற்றியுள்ள முன் தூண், நடுத் தூண், கூரை விளிம்பு, கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் கீழ்ச்சட்டம் ஆகியவைதான் அங்கே பலம் தருகின்றன. மேடு பள்ளத்தில் எந்தக் காரும் இம்மி அளவு முறுகி, பழைய நிலைக்குத் திரும்பும். இந்த வளையத்தில் ஓர் இடம் உளுத்துப் போனால் முறுக்கம் கூடும், கதவு இடிக்கும்.

உளுக்க வைப்பது துரு. கதவின் அடியிலும் கீழ்ச்சட்டத்திலும் தண்ணீர் வடியச் சிறு துளைகள் உண்டு. தோட்டத்துச் செம்மண் சேறும் சருகும் அவற்றை அடைத்துவிட்டால், மழைநீர் உள்ளேயே தேங்கும். தகடு உள்ளிருந்து அரிக்கப்படும். வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

வீட்டிலேயே மூன்று சோதனை

முதலில், காரை மட்டமான தரையில் நிறுத்தி, கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள். முன்கதவின் பின்முனை இறங்கி, அதன் கோடு பின்கதவின் கோட்டுக்குக் கீழே நின்றால் கதவு தொங்குகிறது என்று பொருள்.

இரண்டாவதாக, கதவைப் பாதி திறந்து, அதன் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கீலில் ஆட்டம் தெரிந்தால், அதன் பின்னோ புஷ்ஷோ தேய்ந்திருக்கும், அல்லது போல்ட் தளர்ந்திருக்கும். திறந்த கதவில் உடல் பாரத்தைச் சாய்த்து எழுந்து இறங்குவது இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தும்.

மூன்றாவதாக, ஒரு முன்சக்கரம் மட்டும் சிறு மேட்டில் ஏறி நிற்கும்படி காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள். கீல் ஆடாமல், மட்டத் தரையில் நன்றாக மூடிய கதவு இங்கே இறுகி இடித்தால், சந்தேகம் உடல்மீதுதான். பட்டறையில் காரைத் தூக்கி, கீழ்ச்சட்டத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொக்கியை நகர்த்தினால் போதுமா?

தூணில் உள்ள பூட்டுக் கொக்கியைச் சற்று இறக்கினால் கதவு மூடிக்கொள்ளும். ஆனால், தேய்ந்த கீலும் உளுத்த சட்டமும் அப்படியேதான் இருக்கும். துருவின்மேல் புட்டி பூசிப் பெயிண்ட் அடிப்பதும் இத்தகைய ஒப்பனையே. புட்டி பாரம் தாங்காது. உளுத்த பகுதியை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள தகட்டை வெல்டிங் செய்வதே சரியான வழி. அப்போது காரை மட்டமாகத் தாங்கி, கதவு வாசலுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையேல் கோணல் நிரந்தரமாகிவிடும்.

பழைய கார் வாங்குவோர் கதவு வாசலின் ரப்பரைச் சற்று விலக்கிப் பார்க்கலாம். தொழிற்சாலை வெல்டிங், சிறு வட்டக் குழிகளாக ஏறக்குறைய சீரான இடைவெளியில் தெரியும். அவை மறைந்தோ தாறுமாறாகவோ இருந்தால், விபத்தில் அடிபட்ட காராகவோ வெட்டி ஒட்டிய காராகவோ இருக்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் நம்பகமான பட்டறையில் காட்டுங்கள்.

பக்கவாட்டில் மற்றொரு வாகனம் மோதும்போது, உள்ளே இருப்பவர்களைக் காப்பது இந்தத் தூண்களும் கீழ்ச்சட்டமும் கதவும்தான். மோதிய பிறகு அவர்களை வெளியே எடுக்கவும் அந்தக் கதவு திறக்க வேண்டும். கீல் தேய்வு என்றால் இந்த மாதமே மாற்றிவிடுங்கள். சட்டம் உளுத்திருந்தால், பழுதுபார்க்கும் வரை அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.